கூலன்ட் மாற்றியதிலிருந்து வண்டி சூடாகிறது: இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அவர் அப்பா ஓட்டிய பெட்ரோல் கார், பன்னிரண்டு வயதானது, இப்போது அவர் கையில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) துரு கலந்த பழுப்பு நிறத்தில் இருந்திருக்கிறது. வண்டியின் கையேட்டைப் படித்து, சில வீடியோக்களையும் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் தானே மாற்ற இறங்கியிருக்கிறார்.

இன்ஜின் ஆறிய பிறகு அடியிலுள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்தார். குழாய்த் தண்ணீர் ஊற்றி, இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி வடித்தார். தண்ணீர் தெளிவாக வரும்வரை நான்கு முறை இப்படிச் செய்தார். கடைசியில், தண்ணீர் கலந்தே விற்கும் சிவப்புக் கூலன்ட்டை ஊற்றினார். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று இருக்க, மூன்றரை லிட்டரிலேயே நிரம்பிவிட்டது.

மறுநாளிலிருந்து தொல்லை. நெரிசலில் நின்றால் வெப்பமுள் ஏறுகிறது, சற்று ஓடியதும் சட்டென்று இறங்குகிறது. ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் சத்தம். நான்கு நாளில் அரை லிட்டர் குறைந்திருக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சும்மா, பிரிச்சாத்தான் தெரியும்" என்கிறார் (இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு அது). அண்ணனோ, "உனக்கு எதுக்கு இந்த வேலை? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டு வெறும் தண்ணிய ஊத்தி ஓட்டு" என்கிறார். "அப்பா பன்னிரண்டு வருடம் காப்பாற்றிய வண்டியை நான் ஒரே நாளில் கெடுத்துவிட்டேனா?" என்று கேட்கிறார் வாசகி.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "பழைய கூலன்ட்டில் பாதியைச் செடி ஓரமாக ஊற்றிவிட்டேன். மீதியைக் காலியான குளிர்பான பாட்டில்களில் அடைத்துப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்." வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தையும் ஒரு பூனையும் இருப்பதாக அதற்கு முன்பே எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

வண்டியைப் பற்றிப் பிறகு பேசலாம். இதைப் படித்ததும் முதலில் அந்தப் பாட்டில்களை எடுத்துவிடுங்கள்.

கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலின் கிளைக்கால். அது இனிக்கும். நிறமும் குளிர்பானம் போலவே இருக்கும். அதைக் குளிர்பான பாட்டிலிலேயே ஊற்றிவைத்தால் நான்கு வயதுக் குழந்தைக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை அமிலங்களாக மாற்றுகிறது. அதில் ஒன்றான ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. முதல் சில மணி நேரம் குடித்தவர்போலத் தள்ளாட்டமும் குமட்டலும் மட்டும் இருக்கும். நடுவில் சரியாகிவிட்டதுபோலக்கூடத் தோன்றலாம். சிறுநீரகம் செயலிழப்பது ஓரிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். பூனைக்கு ஒரு தேக்கரண்டி அளவே உயிரைப் பறிக்கப் போதும்.

யாராவது ஒரு வாய் குடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூட, அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. பூனை என்றால் கால்நடை மருத்துவரிடம், அதே அவசரத்தோடு.

பழைய கூலன்ட்டைப் புதுக் கூலன்ட் வந்த கேனிலோ, உணவோடு எந்தத் தொடர்பும் இல்லாத கெட்டியான கேனிலோ மாற்றி, இறுக மூடி, பெரிய எழுத்தில் "விஷம் - பழைய கூலன்ட்" என்று எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். குளிர்பான பாட்டில்களை வேறெதற்கும் வைத்துக்கொள்ளாமல் நசுக்கிப் போட்டுவிடுங்கள். கேனைக் கழிவுக் கூலன்ட் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிலோ, அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுக்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடாதீர்கள், கலந்தால் இரண்டையுமே மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள்.

செடி ஓரம் ஊற்றிய இடத்தில் ஈரமான மேல்மண்ணை வாரிப் பையில் கட்டி, கேனைக் கொடுக்கும் இடத்திலேயே சேர்த்துவிடுங்கள். குழியை வேறு மண்ணால் மூடுங்கள். கிளைக்காலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும். ஆனால் பழைய கூலன்ட் நெடுநாளாக ரேடியேட்டரிலும் இன்ஜினிலும் சுற்றிவந்தது, அதில் கரைந்திருக்கும் உலோகங்கள் அப்படிப் போகாது. பூனை அந்தப் பக்கம் சில நாள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டில்களை எடுத்துவிட்டீர்கள் என்று நம்பி வண்டிக்கு வருகிறேன்.

நீங்கள் செய்ததில் பெரும்பகுதி சரிதான்

ஆறவைத்துத் திறந்தீர்கள். இந்த வேலையில் கைகால் வெந்துபோகிறவர்கள் பெரும்பாலும் சூட்டில் மூடியைத் திருகியவர்கள்தான். உள்ளே வளிமண்டலத்துக்கு மேல் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும், திறந்த கணத்தில் அது கொதித்துப் பீய்ச்சும். ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினீர்கள், அதுவும் சரி. சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். நான்கு முறை பொறுமையாக அலசினீர்கள். அவசரக்காரர் எவரும் இதைச் செய்ய மாட்டார். எனவே உங்கள் வேலை கெட்டுப்போகவில்லை, பாதியில் நிற்கிறது என்றுதான் நான் சொல்வேன். இரண்டு இடத்தில் நிற்கிறது.

முதலாவது, அந்த மூன்றரை லிட்டர்

6 லிட்டர் பிடிக்கும் வண்டியில் மூன்றரைதான் இறங்கியது என்று நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். மீதி இரண்டரை லிட்டர் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, இன்ஜின் பிளாக்குக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் அப்படியே இருக்கிறது. இன்ஜின் ஆறியதும் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) மூடிக்கொள்வதால், ரேடியேட்டர் பிளக்கைத் திறந்தால் பெரும்பாலும் ரேடியேட்டர் பக்கம் மட்டுமே வடிகிறது. நீங்கள் நான்கு முறை அலசியதால் பிளாக்கில் தங்கியிருந்தது கிட்டத்தட்ட வெறும் குழாய்த் தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கியது பாதிக்குப் பாதி கலந்தது என்று வைத்துக்கொண்டால், மூன்றரை லிட்டரில் கிளைக்கால் ஒன்றே முக்கால் லிட்டர். அது 6 லிட்டரில் பரவினால் நூற்றுக்கு 29 பங்கு. இருக்க வேண்டியது 50. பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியிலும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் 130 டிகிரிக்குப் பக்கத்திலும்தான் கொதிக்கும். உங்களுடையதில் இந்த இரண்டு வரம்பும் குறுகிவிட்டன. அதைவிட எனக்குக் கவலை தருவது, துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் அதே அளவில் நீர்த்துப்போயிருப்பதுதான். போதாததற்கு, குழாய்த் தண்ணீரில் வந்த கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் படிமமாகப் படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

இதனால் இன்றோ நாளையோ இன்ஜின் கெடாது. இப்படியே இரண்டு வருடம் ஓட்டினால் வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டரும் அதற்கு விலை கொடுக்கும்.

சிலர் இதற்குப் பரிகாரமாகத் தண்ணீரே கலக்காமல் சுத்தக் கூலன்ட்டால் நிரப்பிவிடலாம் என்பார்கள். அதுவும் தவறு. சூட்டைச் சுமக்கும் திறனில் கிளைக்கால் தண்ணீரின் பாதிக்குச் சற்று மேல்தான். தனியாக ஊற்றினால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்தும் போகும். தண்ணீரோடு கலந்தால்தான் அது கூலன்ட்.

இரண்டாவது, உள்ளே மாட்டிய காற்று

முள் ஏறிச் சட்டென்று இறங்குவது, ஹீட்டரில் குளிர்காற்று, டேஷ்போர்டுக்குப் பின்னால் கொப்பளிக்கும் சத்தம், முதல் சில நாளில் அளவு குறைவது: கூலன்ட் மாற்றிய மறுநாளே இந்த நான்கும் ஒன்றாக வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஏர் லாக்கைத்தான். ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) பல வண்டிகளில் உயரமான இடத்தில் இருக்கிறது, காற்று அங்கே போய்ச் சேரும். சூடான திரவம் உள்ளே வராவிட்டால் ஹீட்டர் குளிர்காற்றைத்தான் ஊதும். தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக் காற்று நின்றால் அதிலுள்ள மெழுகுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, அது தாமதமாகத் திறக்கும். அதுவரை முள் ஏறும், திறந்ததும் விழும். குறைந்த அரை லிட்டர், காற்று வெளியேறிய இடத்தில் கூலன்ட் போய் நிரம்பியதால் இருக்கலாம். பழைய கூலன்ட்டோடு நன்றாக ஓடிய வண்டிக்கு, அதை மாற்றிய அன்றே ஹெட் கேஸ்கெட்டும் போவது அரிதான தற்செயல்.

அரிது என்றேன், நடக்காது என்று சொல்லவில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டும் நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் கேஸ்கெட் உண்மையிலேயே போயிருக்கலாம். கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை. அப்படி ஓட்டியிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: நெரிசலில் மட்டும் சூடாகிறதென்றால் ரேடியேட்டர் விசிறியையும் பார்க்க வேண்டும். அடியில் கைவிட்டு வேலை செய்யும்போது அதன் ஒயர் கனெக்டர் கழன்றிருக்கலாம். ஏசியைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் விசிறி சுற்றத் தொடங்கும், எட்ட நின்று பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றக்கூடும், விரலை உள்ளே விடாதீர்கள்.

பிரிப்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை

மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அறிகுறிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் நல்ல மெக்கானிக்குகளும் இதில் தவறுவதுண்டு. ஆனால் ஹெட்டைக் கழற்றுவது பெரிய வேலை. அதற்கு முன்பே சோதித்துப் பார்க்கச் சொல்லவும், முடிவை உங்கள் கண்ணால் பார்க்கவும், செலவை எழுதி வாங்கவும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள். "பிரிச்சாத்தான் தெரியும்" என்பது கேஸ்கெட் விஷயத்தில் முழு உண்மை அல்ல. பிரிக்காமலே செய்யும் சோதனைகள் இருக்கின்றன.

ஒன்று, வாயுச் சோதனை. ரேடியேட்டர் வாயில் நீல நிற ரசாயனம் உள்ள குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலை.

இன்னொன்று, பிரஷர் டெஸ்ட். ஆறிய இன்ஜினில் கைப்பம்பால் மூடியில் குறித்திருக்கும் அழுத்தத்தை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் பார்ப்பார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிகிறது. உங்கள் டிரெயின் பிளக்கின் ரப்பர் வளையத்தில்கூட இருக்கலாம்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவையும் உண்டு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சூடேறாத நிலையிலேயே அது கல்போல் இறுகியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் மெல்லிய வெளுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆகும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெண்புகை நிற்காமல் வந்தால், அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. காற்றை மட்டும் எடுத்துவிட்டு, ஒன்றே முக்கால் லிட்டர் வடித்து, அதே வகையில் தண்ணீர் கலக்காத செறிவுக் கூலன்ட்டை அதே அளவு ஊற்றலாம். கலவை ஐம்பதுக்கு வந்துவிடும். சுலபம்தான், ஆனால் குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளேயே தங்கும். இரண்டாவது, எல்லாவற்றையும் ஒழுங்காக மறுபடி செய்வது. மூன்றாவது, வெற்றிட முறையில் நிரப்பும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில் விடுவது. அவர்கள் முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுக் கூலன்ட்டை இழுக்க விடுவார்கள், காற்று மாட்டாது. உங்கள் வண்டியில் காற்றை வெளியேற்றும் திருகு இல்லையென்றால் மூன்றாவதைத்தான் சொல்வேன். இருந்தால் இரண்டாவது. நான்கு முறை அலசும் பொறுமை உள்ளவருக்கு இது கடினமல்ல.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீரும் ஆகும், பேட்டரி ஆசிட் வந்துவிடாமல் லேபிளைப் படியுங்கள். இன்ஜின் ஆறியதும் வடித்து, அந்தத் தண்ணீரால் நிரப்பி, கீழ் ஹோஸும் சூடாகும்வரை ஓட்டி, ஆறவைத்து வடியுங்கள். ஒவ்வொரு முறையும் பழையதில் நூற்றுக்கு 42 பங்கு உள்ளே தங்கும். மூன்று முறை செய்தால் அது 7 பங்காகக் குறையும். வடிக்கும் தண்ணீரிலும் கூலன்ட் கலந்திருக்கும், அதையும் கேனில் பிடியுங்கள்.

இப்போது உள்ளே இரண்டரை லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கும். முதலில் 3 லிட்டர் செறிவுக் கூலன்ட், பிறகு அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் என்று ஊற்றினால் பாதிக்குப் பாதி ஆகிவிடும். தண்ணீர் கலந்த கூலன்ட்டை இந்த இடத்தில் ஊற்றாதீர்கள், போன முறை நடந்ததே மறுபடி நடக்கும். அதில் மீதம் இருந்தால் பிற்பாடு அளவு குறையும்போது சேர்க்க வைத்துக்கொள்ளலாம், அது உங்கள் வண்டிக்கு உரிய வகையாக இருந்தால்.

அந்த வகையை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்தான், எல்லாருக்கும் பொதுவான நிறக்கணக்கு எதுவும் கிடையாது. உள்ளே சிலிகேட் இருக்கிறதா, பாஸ்பேட் இருக்கிறதா, கரிம அமிலம் இருக்கிறதா என்பதுதான் வகை. பொருந்தாத வகைகள் கலந்தால் காப்பு ரசாயனங்கள் ஒன்றையொன்று கெடுக்கும், சில சமயம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும். கையேட்டில் கொடுத்திருக்கும் தரக்குறியீடு கேனின் பின்பக்கத்திலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீங்கள் நன்றாக அலசியதால் பழைய கூலன்ட்டும் புதுச் சிவப்பும் பெரிதாகக் கலந்திருக்காது.

காற்றை எடுக்க, வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக் போடுங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வழியும்வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். முகத்தை மேலே நீட்டாமல், மேல் ஹோஸை, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்வரை, அவ்வப்போது அமுக்கிவிடுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ஹீட்டரில் நிலையாகச் சூடான காற்று வந்ததும் மூடியைப் போட்டுவிட்டு, விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை பொறுங்கள். ஹீட்டர் சூடாகிவிட்டால் உங்கள் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

அண்ணன் சொன்னதில் ஒரு பாதி உண்மை

தண்ணீர் கூலன்ட்டைவிட நன்றாகச் சூட்டைச் சுமக்கும், அதில் அண்ணன் தவறவில்லை. ஆனால் வெறும் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். வழியில் கூலன்ட் ஒழுகிவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர ஊற்றலாம், அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டியைப் பொறுத்து 80லிருந்து 95 டிகிரிக்குள் திறந்து, இன்ஜினை வேலை செய்ய வேண்டிய சூட்டில் வைத்திருப்பது அதுதான். இல்லாவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், எரிபொருள் கூடும், ஆயிலில் கசடு சேரும், தேய்மானம் அதிகமாகும். சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, இன்னும் அதிகமாகச் சூடாகும். பழுதென்று தெரிந்தால் புதிது மாற்றுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை வண்டியை அவசியத்துக்கு மட்டும் எடுங்கள். முள் வழக்கத்தைத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டுங்கள். சிவப்பை நெருங்கினால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள், வீட்டுக்கு இன்னும் இரண்டு தெருதான் என்றாலும்.

வேலை முடிந்த பிறகு இரண்டு வாரம் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், ரிசர்வ் டேங்கில் மட்டத்தைப் பாருங்கள். ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் சுலபம். முதல் மூன்று நான்கு நாள் சிறிது இறங்கி, பிறகு அசையாமல் நின்றால் காற்று முழுவதும் போய்விட்டது. நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் மறுபடி ஊற்றி ஊற்றிச் சமாளிக்காதீர்கள். பிரஷர் டெஸ்ட்டும் வாயுச் சோதனையும் செய்யச் சொல்லி, நீங்களும் கூடவே நின்று பாருங்கள்.